எண்ணெய்க்கும் சாயத்துக்கும் பொதுவான ஒரு முடிச்சு

நம் கூட்டுறவுச் சங்கங்களில் இரு சாரார் அங்கத்தினராக உளர். ஒரு சாரார் நிலத்தில் விளைவிப்போர். மற்றொரு சாரார் தறியில் நெய்வோர். இவ்விரு தொழில்களுக்கும் இடையே தொடர்பு பருத்தியோடு முடிந்துவிடுகிறது என்றே பலரும் எண்ணியிருப்பர். ஆயினும் இரு தொழில்களிலும் நாள்தோறும் அடிபடும் சொல் ஒன்று உண்டு. அது ‘அமிலம்’ என்பதாகும். கடலை ஆட்டிய எண்ணெயை விற்கச் செல்லும் உழவரிடம், “எண்ணெயில் அமிலம் மிகுதி” என்று கூறி வியாபாரி விலையைக் குறைக்கிறார். சாயப் பட்டறையிலோ, “அமிலத்தில் அலசினோம், நூல் இற்றுப்போயிற்று” என்ற முறையீடு எழுகின்றது. அச்சொல்லின் பொருள் விளங்காதவரை முன்னவர் தம் விலையைப் பற்றி வாதிட இயலாது. பின்னவர் தம் நூலைக் காத்துக்கொள்ள இயலாது. ஆதலின் அதனை அங்கத்தினர் அனைவரும் விளங்கிக்கொள்ளுமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான்கு அணுக்களின் கூட்டு

புளி, எலுமிச்சை, மோர், காடி ஆகியவற்றின் புளிப்புக்குக் காரணமான அமிலங்கள் வெவ்வேறானவை. புளியில் உள்ளது டார்டாரிக் அமிலம். எலுமிச்சையில் உள்ளது சிட்ரிக் அமிலம். மோரில் லாக்டிக் அமிலம். காடியில் அசெட்டிக் அமிலம். ஸ்வீடன் நாட்டு ரசாயன அறிஞர் ஷீலே என்பார் புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தை 1780ஆம் ஆண்டிலும், எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தை 1784ஆம் ஆண்டிலும் பிரித்தெடுத்தார். பிற்காலத்தில் இவற்றின் அமைப்பை ஆராய்ந்தபோது, இவை யாவற்றிலும் ஒரே மாதிரியான ஓர் உறுப்பு பொருந்தியிருப்பது புலனாயிற்று. அவ்வுறுப்பே கார்பாக்ஸில் தொகுதி எனப்படுவது.

அதில் அடங்கியவை நான்கே அணுக்கள்: கார்பன் ஒன்று, ஆக்ஸிஜன் இரண்டு, ஹைட்ரஜன் ஒன்று. கார்பன் அணுவுக்கு நான்கு கைகள் உண்டு என்று கொள்வோம். இரண்டு கைகளால் அது ஓர் ஆக்ஸிஜனை இறுகப் பற்றியிருக்கிறது. மூன்றாவது கையால் மற்றோர் ஆக்ஸிஜனைப் பிடித்திருக்கிறது. அந்த ஆக்ஸிஜனின் மறுபுறத்தில் ஹைட்ரஜன் தொங்குகிறது. நான்காவது கை, அந்தந்தப் பொருளின் எஞ்சிய உடலோடு இணைந்திருக்கிறது. உடல் சிறிதாயின் அது காடியின் அமிலம்; பதினாறு அல்லது பதினெட்டுக் கார்பன்கள் கொண்ட நீண்ட சங்கிலியாயின் அது எண்ணெய்களுக்குரிய கொழுப்பமிலம். உடல் எதுவாயினும் நுனியில் உள்ள முடிச்சு ஒன்றே. சுங்குடிச் சேலையின் துணி எத்தகையதாயினும் முடிச்சிடும் முறை ஒன்றாயிருப்பதைப் போன்றது இது.

இம்முடிச்சு செய்யும் வேலைகள் மூன்று. அவற்றை அறிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

முதல் வேலை: ஹைட்ரஜனை விட்டுக்கொடுத்தல்

நீரில் கரைந்ததும் கார்பாக்ஸில் தொகுதி தன் ஹைட்ரஜனை மின்னேற்றத்தோடு நீரிடம் விட்டுவிடக் கூடியது. அதுவே நாவில் புளிப்பாகத் தெரிகிறது. சாராயம் போன்ற ஆல்கஹால்களிலும் ஆக்ஸிஜனும் அதனோடு சேர்ந்த ஹைட்ரஜனும் உண்டு. எனினும் அவை புளிப்பதில்லை. காரணம் யாது? ஹைட்ரஜன் பிரிந்து சென்றால் ஓர் எதிர் மின்னேற்றம் பின்னே தங்கிவிடுகிறது. ஆல்கஹாலில் அச்சுமையைத் தாங்க ஓர் ஆக்ஸிஜனே உண்டு. கார்பாக்ஸிலில் இரண்டு ஆக்ஸிஜன்களும் அதனைச் சமமாகப் பகிர்ந்து சுமக்கின்றன. இருவர் தோள் கொடுக்கும் சுமை எளிதாவது இயல்பன்றோ?

ஆயினும் இந்த விட்டுக்கொடுத்தல் அளவோடு நடைபெறுவது. சாதாரணக் காடியில் ஆயிரம் அசெட்டிக் அமில மூலக்கூறுகள் இருந்தால், ஏறத்தாழ நான்கு அல்லது ஐந்து மட்டுமே ஒரு சமயத்தில் ஹைட்ரஜனை இழந்து நிற்கும். கந்தக அமிலமோ, ஹைட்ரோகுளோரிக் அமிலமோ இவ்வாறு இருப்பதில்லை. நீர்த்த நிலையில் அவற்றின் மூலக்கூறுகள் கிட்டத்தட்ட அனைத்துமே ஹைட்ரஜனை விட்டுவிடுகின்றன. எனவேதான் கார்பாக்ஸில் அமிலங்களை மென்மையான அமிலங்கள் என்றும், மற்றவற்றை வன்மையான அமிலங்கள் என்றும் பிரித்துக் கூறுகிறோம். இந்த வேறுபாட்டைச் சாயமிடுவோர் மறத்தலாகாது.

இரண்டாம் வேலை: உலோகத்தைப் பற்றுதல்

களிம்பேறிய செம்புக் குடத்தைப் புளியிட்டுத் துலக்கினால் பளிச்சிடுகிறது. புளியில் உள்ள கார்பாக்ஸில் தொகுதிகள் ஹைட்ரஜனை விட்டுவிட்டு, அதனிடத்தில் களிம்பிலுள்ள செம்பைப் பற்றிக் கரைத்துக்கொண்டு போவதே இதன் காரணம். சோடியத்தைப் பற்றிய கொழுப்பமிலம் சவர்க்காரம் ஆகின்றது. அது நீரில் கரைவது. அதே கொழுப்பமிலம் சுண்ணாம்பையோ அலுமினியத்தையோ பற்றினால் நீரில் கரையாத பொருளாகி நின்றுவிடுகிறது. உப்புநீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரிதிரியாய்ப் பிரிவதை யாவரும் கண்டிருப்பர். அலுமினியத்தைப் பற்றும் இக்குணமே மதுரைச் சாயத் தொழிலுக்கு ஒரு காலத்தில் உயிர்நாடியாய் இருந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

மூன்றாம் வேலை: ஆல்கஹாலோடு கூடுதல்

கார்பாக்ஸில் தொகுதி ஓர் ஆல்கஹாலோடு கூடும்போது இடையில் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி, எஸ்டர் என்னும் புதுப் பொருள் உண்டாகிறது. எஸ்டர் புளிப்பதில்லை, பல எஸ்டர்கள் மணம் உடையவை. கே.கே. நகரை அடுத்த மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் காலையில் கமழும் மல்லிகை மணத்தில் பென்ஸைல் அசெட்டேட் என்ற எஸ்டருக்குப் பெரும் பங்கு உண்டு. காடியின் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் கூடியதே அது. காடியில் மூக்கைத் துளைப்பது, மலரில் மனத்தைக் கவர்வதாகி விடுகிறது.

நம் எண்ணெய்களும் எஸ்டர்களே. கிளிசரின் என்ற ஆல்கஹாலுக்கு மூன்று கைகள் உண்டு. ஒவ்வொரு கையிலும் ஒரு கொழுப்பமிலம் கோக்கப்பட்டிருப்பதே நிலக்கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் ஆகும். இவ்வுண்மையை நிறுவியவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஷெவ்ரேல். கொழுப்புகளைப் பற்றிய அவருடைய நூல் 1823ஆம் ஆண்டில் வெளிவந்தது. மறு ஆண்டிலேயே அவர் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற கோப்லான் திரைச்சீலை ஆலையில் சாயப் பகுதிக்குத் தலைவராக அமர்ந்தார். எண்ணெயின் இயல்பைக் கண்டவரே சாயத்துக்கும் பொறுப்பேற்றது நம் இரு சாரார்க்கும் பொருத்தமான செய்தியன்றோ?

உழவர் அறிய வேண்டுவது

சேர்க்கையின்போது நீர் வெளியேறியது என்றோம். அந்நீர் மீண்டும் உட்புகுந்தால் சேர்க்கை பிரிந்துவிடும். ஈரம் உள்ள நிலக்கடலையைக் குவித்து வைத்தாலும், உடைந்த பருப்பைக் கலந்து வைத்தாலும், லைப்பேஸ் என்னும் நொதி வேலை செய்யத் தொடங்குகிறது. விதையிலேயே அது உண்டு. பூஞ்சணமும் அதனைக் கொண்டுவருகிறது. கிளிசரினின் கைகளிலிருந்து கொழுப்பமிலங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடுகின்றன. எஸ்டரில் மறைந்திருந்த கார்பாக்ஸில் தொகுதி மறுபடி வெளிப்படுகிறது. இவ்வாறு தனித்துத் திரியும் கொழுப்பமிலங்களையே வியாபாரி ‘அமிலம்’ என்று குறிப்பிடுகிறார். எண்ணெய் சிக்கு வாடை அடிப்பது இதனின் வேறானது. அது காற்றுப் பட்டுக் கெடுவதால் நேர்வது. இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு; ஆனால் ஒன்றை மற்றொன்றாகக் கருதலாகாது.

அமிலம் மிகுந்த எண்ணெய்க்கு விலை ஏன் குறைகிறது? சுத்திகரிப்பு ஆலையில் அந்த அமிலத்தைக் காரநீர் விட்டு நீக்குகிறார்கள். அது சவர்க்காரமாகி அடியில் பிரிகிறது. பிரியும்போது நல்ல எண்ணெயிலும் ஒரு பங்கைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே நட்டம் இரட்டிப்பாகிறது. விலைக் குறைப்பு நியாயமானதே. ஆனால் எவ்வளவு குறைப்பது என்பது அளந்து முடிவு செய்ய வேண்டிய காரியமேயன்றி, முகர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டிய காரியமன்று.

அளக்கும் முறை கடினமானதன்று. ஒரு கிராம் எண்ணெயில் உள்ள தனி அமிலத்தைச் சமன் செய்ய எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு தேவையோ, அதுவே அந்த எண்ணெயின் ‘அமில எண்’ ஆகும். பத்து கிராம் எண்ணெயை எடுத்து, அமிலமற்ற ஆல்கஹாலில் கலக்கிச் சற்றே சூடாக்கி, பீனால்ப்தலீன் என்னும் நிறங்காட்டியில் சில துளிகள் இட வேண்டும். பிறகு 0.1 நார்மல் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் தோன்றி அரை நிமிஷம் நிலைத்து நின்றால் நிறுத்திவிடலாம். அக்கரைசலின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 5.61 மில்லிகிராம் காரம் உண்டு. எட்டு மில்லிலிட்டர் செலவாயிருப்பின் 8 x 5.61 = 44.88. அதனைப் பத்தால் வகுக்க, அமில எண் ஏறத்தாழ 4.5 ஆகும். இதில் பாதியளவு, அதாவது சுமார் 2.25 விழுக்காடு, ஒலீயிக் அமிலமாகக் கணக்கிட்ட தனிக் கொழுப்பமிலமாம். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் நிலக்கடலை எண்ணெய்க்கு வகுத்த எல்லை அமில எண் 6, அல்லது தனிக் கொழுப்பமிலம் 3 விழுக்காடு என்பதாகும். எல்லைக்கு எத்துணை தூரத்தில் நம் எண்ணெய் நிற்கிறது என்பதை இவ்வாறு நாமே கணித்துக்கொள்ளலாம்.

வரவு செலவுகளைத் தணிக்கை செய்யும்போது, தரக் குறைவு என்ற பெயரில் கழிக்கப்பட்ட தொகைகளைக் காண்கிறேன். கழிவுக்கு எதிரே அமில எண் குறிக்கப்பட்ட பட்டியலைக் காண்பது அரிதாயிருக்கிறது. எண் இல்லாத கழிவை அங்கத்தினர் ஏற்க வேண்டியதில்லை. சங்கம் ஓர் அளவைக் குழாயும் ஒரு தராசும் வாங்கி வைத்துக்கொள்வது, ஆண்டு முழுவதும் நடைபெறும் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

தடுக்கும் வழிகளோ இன்னும் எளியவை. கடலையைப் பறித்தவுடன் நன்கு உலர்த்தி, ஈரம் எட்டு விழுக்காட்டுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உடைந்தவற்றையும் பூஞ்சணம் படிந்தவற்றையும் பொறுக்கி நீக்க வேண்டும். மூட்டைகளை வெறுந்தரையில் அடுக்காது, மரச்சட்டங்களின் மேல் அடுக்க வேண்டும். இதனால் மற்றொரு நன்மையும் உண்டு. ஈரத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளடாக்ஸின் என்ற கொடிய நஞ்சை உண்டாக்குவது. அதனையும் உலர்த்துதலே தடுக்கிறது. நெல் விளைவிப்போர் தவிட்டையும் கவனிக்க வேண்டும். நெல்லை அரைத்த மாத்திரத்தில் தவிட்டில் உள்ள நொதியும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், அமிலம் மணிக்கு மணி ஏறுகிறது. அன்றன்றே எண்ணெய் எடுக்கும் ஆலைக்கு அனுப்புவதோ, ஆவியில் சூடாக்கி நொதியை அடக்குவதோ செய்தாலன்றித் தவிடு மாட்டுத் தீவனத்துக்கே பயன்படும்.

நெசவாளர் அறிய வேண்டுவது

இனி, உழவர் எதனை வேண்டாம் என்று விலக்குகிறாரோ, அதனையே சாயக்காரர் வேண்டும் என்று தேடிய வரலாற்றைக் கேளுங்கள்.

மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர மக்கள் நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவதில் பெரும்புகழ் பெற்றிருந்தனர். சாயவேரிலிருந்து எடுக்கப்பட்ட அந்நிறம் வெயிலுக்கும் வெளுப்புக்கும் அசையாதது. வைகை நீரின் குணத்தாலேயே அந்நிறம் அமைகின்றதென நெடுங்காலமாக ஒரு கூற்று உண்டு. நீரின் பங்கு ஒருபுறமிருக்க, உண்மையான வேலை சாயத் தொட்டிக்குச் செல்லுமுன்னரே நடந்தது. எண்ணெயையும் செடிச் சாம்பலிலிருந்து வடித்த காரநீரையும் கலந்து, பால் போன்ற அக்கலவையில் நூலைத் தோய்த்து வெயிலில் உலர்த்துவர். மறுபடி தோய்ப்பர், மறுபடி உலர்த்துவர். இவ்வாறு நாட்கணக்கில் நடைபெறும்.

இதில் நிகழ்வது யாது? சாம்பல் நீரின் காரம் எண்ணெயின் எஸ்டர்களைப் பிரித்துக் கொழுப்பமிலங்களை வெளிக்கொணர்கிறது. நீண்ட எண்ணெய்ச் சங்கிலிகள் நூலின் இழைகளுக்குள் புகுந்து தங்குகின்றன. அவற்றின் நுனியில் கார்பாக்ஸில் முடிச்சுகள் காத்து நிற்கின்றன. பருத்தியின் செல்லுலோஸ் உலோகத்தை வலுவாகப் பற்றும் இயல்பினது அன்று. எண்ணெயேறிய நூலோ படிகாரக் கரைசலில் இட்டவுடன் அதிலுள்ள அலுமினியத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. புளி செம்பைப் பற்றிய அதே செயல்தான் இது. பிறகு சாயவேரின் நிறப்பொருளாகிய அலிஸரின் வந்து அந்த அலுமினியத்தைப் பிடித்துக்கொள்கிறது. சுண்ணாம்பின் சத்தாகிய கால்சியமும் இக்கூட்டில் சேர்கின்றது. எனவே நீரைப் பற்றிய கூற்றும் முற்றிலும் வெறுங்கதையன்று.

இதே முறை மேற்காசியாவிலும் வழங்கியது. ஐரோப்பியர் அதனைத் ‘துருக்கிச் சிவப்பு’ என்றழைத்தனர். 1785ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இதற்கெனப் பட்டறை அமைந்தது. அங்குள்ளோர் புதிய ஆலிவ் எண்ணெயைவிடக் கெட்டுப்போன எண்ணெயையே விரும்பி வாங்கினர். தனி அமிலம் மிகுந்த எண்ணெய் காரநீரோடு எளிதில் பாலாகக் கலக்கும் என்பதே காரணம். செக்கில் விலை போகாத எண்ணெய் சாயத் தொட்டியில் விலை போயிற்று! பின்னர் அங்கே தோய்த்த சிவப்பு நூலும் துணியும் கப்பலேறி நம் நாட்டுச் சந்தைக்கே வந்து விற்பனையாயின. 1868ஆம் ஆண்டில் கிரேபே, லீபர்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் அலிஸரினைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். மறு ஆண்டே அது தொழில்முறை உற்பத்திக்கு வழிகண்டது. சாயவேர் தோண்டியவர்களின் பிழைப்பு அத்துடன் நலிந்தது. கைப்பழக்கத்தால் ஒன்றைச் செய்தறிந்தோர் இங்கே இருந்தனர்; அதன் காரணத்தை ஆராய்ந்தறிந்தோர் அங்கே இருந்தனர். லாபம் எப்பக்கம் சாய்ந்தது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆமணக்கெண்ணெயைக் கந்தக அமிலத்தால் பதப்படுத்திச் செய்த ‘துருக்கிச் சிவப்பெண்ணெய்’ இன்றும் சாயக் கடைகளில் கிடைக்கிறது. நாப்தால் சாயத்தைக் குழைப்பதற்கு அதனையே பயன்படுத்துகிறோம். அந்த நாப்தால்களுமே கார்பாக்ஸில் தொகுதி உடைய ஓர் அமிலத்திலிருந்து ஆக்கப்படுபவை. அம்முடிச்சின் வழியாக மற்றொரு மூலக்கூற்றை அதனோடு இணைத்ததனால்தான் அவை பருத்தியை விரும்பிப் பற்றுகின்றன. 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியின் வரலாற்றில், வேர்ச்சாயம் போய்ச் செயற்கைச் சாயம் வந்த பின்னும் கார்பாக்ஸில் மட்டும் வெளியேறவில்லை.

நூலைக் காக்கும் முறை

சாயமிட்ட பின் நூலில் தங்கும் காரத்தைப் போக்க அமில நீரில் அலசுகிறோம். இவ்விடத்தில் சிலர் விலை மலிவு கருதிக் கந்தக அமிலத்தைக் கையாள்கின்றனர். அது ஆவியாவதில்லை. நன்கு அலசப்படாமல் சிறிதளவு தங்கினும், நூல் உலர உலர நீர் போய் அமிலம் மட்டும் செறிவடைகிறது. செல்லுலோஸின் சங்கிலிகளை அறுத்துவிடுகிறது. சேதம் அன்று தெரிவதில்லை. தறியில் பாவு பூட்டியபின் இழை இழையாக அறும்போதுதான் தெரிகிறது. அசெட்டிக் அமிலமோ மென்மையானது. எஞ்சியதும் உலரும்போது ஆவியாகிப் போய்விடுவது. ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மில்லிலிட்டர் அளவே பெரும்பாலும் போதுமானது. அமிலத்தில் மிச்சப்படுத்தும் காசு, அறுந்த பாவில் பன்மடங்காகச் செலவாவதை நெசவாளர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பட்டு நெய்வோர்க்கு இது இன்னும் நெருங்கிய செய்தி. பட்டிழையே அமினோ அமிலங்களால் ஆனது. ஒன்றன் கார்பாக்ஸில் தொகுதி மற்றொன்றன் அமினோத் தொகுதியோடு கைகோத்து நீண்டதே அவ்விழை. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிய பசையைச் சவர்க்கார நீரில் வேகவைத்து நீக்குகிறோம். பிறகு அசெட்டிக் அமிலம் கலந்த நீரில் சாயமேற்றுகிறோம். அமிலம் விட்ட ஹைட்ரஜனை இழையின் அமினோத் தொகுதிகள் ஏற்று நேர் மின்னேற்றம் பெறுகின்றன. எதிர் மின்னேற்றமுடைய சாயத்தை அவை ஈர்க்கின்றன. அமிலத்தை ஒரே தடவையில் கொட்டினால் சாயம் பாய்ந்து சென்று திட்டுத் திட்டாய்ப் படியும். பகுதி பகுதியாக விடுவதன் நியாயம் இதுவே.

மென்மையான அமிலம் என்றோம். அது நீர்த்த நிலைக்கே பொருந்தும். கடையில் வாங்கும் செறிந்த அசெட்டிக் அமிலம் தோலையும் கண்ணையும் சுடக்கூடியது. கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், நீரில் அமிலத்தைச் சிறுகச் சிறுக விட வேண்டுமேயன்றி, அமிலத்தில் நீரை விடலாகாது. குடிநீர்ப் போத்தல்களில் அதனை ஊற்றி வைக்கும் வழக்கத்தை அறவே ஒழிக்க வேண்டும். பட்டறையில் குழந்தைகள் நடமாடும் வீடுகள் நம்மிடையே மிகுதி.

சங்கங்கள் செய்யத் தக்கவை

உழவர் சங்கம் கொள்முதல் பட்டியலில் அமில எண்ணுக்கென ஒரு பத்தியை ஏற்படுத்தட்டும். நெசவாளர் சங்கம் சாயப்பொருள் வாங்கும்போது அமிலத்தின் பெயரையும் செறிவையும் இருப்புப் பேரேட்டில் எழுதட்டும். “அமிலம், ஒரு கேன்” என்று எழுதுவது கணக்கு ஆகாது. இரு சங்கங்களும் ஒரே ஊரில் இருப்பின், சோதனைக்குரிய கருவிகளைக் கூட்டாகவே வாங்கிக்கொள்ளலாம். அளவைக் குழாய் ஒன்றுதான். காரக் கரைசலும் நிறங்காட்டியும் ஒன்றுதான். ஒருவர் எண்ணெயில் அமிலம் ஏறவில்லை என்பதை அதனால் அறிவார். மற்றொருவர் அலசும் நீரில் அமிலம் மிகவில்லை என்பதை அதே குழாயால் அறிவார்.